மறு: ‘ஃபீட்டல் அனீமியா’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். ஆர்எச் நெகட்டிவ் (‘நெகட்டிவ்’ ரத்த வகை) கர்ப்பிணிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஃபீட்டல் அனீமியா’வில் மட்டும் நிற்கிறேன். ‘கரு இரத்தசோகை’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். சரிதானா?

மயிலாப்பூர் புலவர்:
‘இரத்த’மும் வேண்டாம், ‘சோகை’யும் வேண்டாம். குறுந்தொகை முதற்பாட்டிலேயே ‘குருதிப் பூ’ இருக்க நமக்கென்ன பஞ்சம்? வீக்கத்தைச் சொல்லும் ‘சோபை’ திரிந்துதான் ‘சோகை’ ஆயிற்று என்பது என் துணிபு. ‘சூற்குருதிக்குறை’ என்று எழுதுங்கள். கற்சிலை போல லகரம் றகரமாகும். அச்சகத்தார் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் உயிரியல் ஆசிரியை:
ஐயா, என் மாணவிகளுக்குச் சூல் என்றால் பூவுக்குள் இருப்பது. ‘கருச்சோகை’ போதாதா? ஒற்றும் சரியாக மிகுகிறது.

அண்ணாநகர் டாக்டர்:
சோகையில் வீக்கம் இருந்தால் புலவர் ஐயாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்தான்: சோகை முற்றினால் குழந்தையின் வயிற்றிலும் தோலடியிலும் நீர் கோத்துக்கொள்ளும். அது கிடக்கட்டும். ‘ரத்தசோகை’ என்று படித்ததும் மாமியார் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிடுவார். இது இரும்புச்சத்துக் குறைவு இல்லை. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கிறது.

ஆசிரியை:
அப்படியென்றால் ‘கருச் சிவப்பணுச் சிதைவு’?

டாக்டர்:
ஆகாதும்மா. இந்தச் சோகையைக் கண்டறியும் டாப்ளர் ஸ்கேனில் சிதைவு தெரியாது. குழந்தையின் மூளை நடுத்தமனியில் ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்றுதான் பார்க்கிறோம். சோகையில் ரத்தம் நீர்த்துப்போய் வேகம் கூடும். அந்த வாரத்துக்குரிய இடைநிலை அளவைப்போல் 1.5 மடங்கைத் தாண்டினால், தொப்புள்கொடியில் ஊசி போட்டு ரத்த அளவு பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே ரத்தமும் ஏற்றுவோம். முன்பெல்லாம் பனிக்குட நீரை ஊசியால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பார்வோ வைரஸால் வரும் சோகைக்கும் இதே ஸ்கேன்தான். அங்கே பெரும்பாலும் சிவப்பணு உற்பத்தியே நின்றுவிடும். ‘சிதைவு’ என்று போட்டால் அது வெளியே நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
வேறு வழியில்லை. தலைப்பில் ‘வயிற்றுக் குழந்தையின் ரத்தசோகை’. அடியில் ‘இது கீரையாலோ மாத்திரையாலோ சரியாவதில்லை’ என்று ஒரு வரி. ஆட்சேபம் உண்டா?

டாக்டர்:
அந்த வரியோடு, ‘தாய் தனக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்றும் சேருங்கள். நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள்.

ஆசிரியை:
எனக்குச் சரி. வகுப்பில் கருச்சோகைதான் சொல்வேன்.

புலவர்:
‘வயிற்றுக் குழந்தையின்’ என்பது கலைச்சொல்லா, கடிதத்தின் முதல் வரியா? பெரும்பான்மை என்றால் அச்சிடுங்கள். என் தொகுப்பில் சூற்குருதிக்குறைதான் ஏறும். அப்புறம் டாக்டர், ‘எதிர்ப்பொருள்’ என்று ஒரு சொல் இருக்க ‘ஆன்டிபாடி’ என்று எழுதினீர்களே, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.