சுற்றாமல் இறுகிப் பிடித்த போட் இன்ஜின்: பிரித்துப் பார்ப்பதா, மாற்றிவிடுவதா? படகுக்காரர்களும் லேத் பட்டறைக்காரரும் சொல்வது

முதுநகர் விசைப்படகு:

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் பாதி நாள் எங்கள் போட் கடலூர் துறைமுகத்தில் உப்பனாற்றில் கட்டிக் கிடந்தது. கோடை மழை இரண்டு தடவை நன்றாகவே பெய்தது. ஜூன் தொடக்கத்தில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். ஆறு சிலிண்டர் டீசல். வாங்கும்போதே லாரியிலிருந்து இறங்கி வந்தது.

டிரைவர் பக்கத்து போட்டிலிருந்து பெரிய பேட்டரி கொண்டுவரக் கிளம்பிவிட்டார். எங்கள் மெக்கானிக் அண்ணன்தான், “சுவிட்சை யாரும் தொடக் கூடாது” என்று தடுத்தார். முதலில் கியர் பாக்சுக்குப் பின்னால், இன்ஜினையும் சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, சக்கரத்தை (புரொப்பல்லர்) சுழற்றும் தண்டான சாஃப்டைத் தனியாகக் கையால் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தில் பழைய வலைக்கயிறு சுற்றிக்கொண்டு, இன்ஜின்மேல் பழி போட்ட கதை இந்தத் துறைமுகத்தில் ஏராளம். சாஃப்ட் லேசாகவே சுற்றியது. சரி, கோளாறு இன்ஜினில்தான்.

அப்புறம் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்றினார். இரண்டு சிலிண்டரில் துருத்தண்ணீர் நின்றது. சைலன்சர் குழாய் வழியாக மழை இறங்கியிருக்கிறது. இன்ஜின் நின்றபோது எந்தச் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ அதற்குள் போய்விட்டது. மற்ற நான்கும் காய்ந்தே இருந்தன. பெரிய பேட்டரி போட்டு முறுக்கியிருந்தால், துரு விட்டுக்கொடுத்த நிமிடமே பிஸ்டன் அந்தத் தண்ணீரில் போய் முட்டியிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். அதற்கப்புறம் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு டீசலும் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். தினமும் சாயந்தரம் ஃபிளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னும் கொஞ்சமாக அசைப்பது; அசையாவிட்டால் மறுபடி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது. சம்மட்டி எடுக்கக் கூடாது என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். ஒருநாள் நூலளவு அசைந்தது, பிறகு முழுச் சுற்றும் வந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கும் அன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிவிட ஆசைதான். அண்ணன் விடவில்லை. “சுத்துறது வேற, ஓடுறது வேற. ஹெட்டைத் தூக்கு” என்றார். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், அந்த இரண்டு சிலிண்டரின் லைனரிலும் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் துரு வளையமாகக் குழி விழுந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ரிங் உடைந்து நடுக்கடலில் நின்றிருப்போம். இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருந்த ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்கும் சுத்தமாக இருந்தது. எங்களுடையது கழற்றி மாற்றக்கூடிய லைனர் என்பதால் இரண்டு செட் லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. செகண்ட் ஹேண்ட் இன்ஜினுக்குப் புரோக்கர் சொன்ன விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேறு இன்ஜின் வாங்க மீன் ஏலக்காரர் முன்பணம் தரத் தயாராக இருந்தார். வட்டி கேட்கவில்லை. ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் வைத்ததுதான் விலை, கமிஷன் தனி. தடைக்காலம் முடிந்து முதலில் வரும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நேரத்தில் அந்தக் கட்டு விழுந்தால், இன்ஜின் விலை காகிதத்தில் இருக்கும் தொகையோடு நிற்காது. புரோக்கரிடம் விலை கேட்கும்போது இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

லேத் பட்டறை, கடலூர்:

முதுநகர்க்காரர் சொன்னது துருப்பிடிப்பு. அது பார்க்கத்தான் பயமாக இருக்கும், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எங்களிடம் வருவதில் மோசமானது சூட்டில் பிடித்ததும் ஆயில் இல்லாமல் பிடித்ததும்தான்.

சூட்டில் பிடிப்பது எப்படி என்றால், தண்ணீர் இழுக்கும் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொள்ளும், அல்லது பம்ப் இம்பெல்லர் கிழிந்திருக்கும். அலுமினிய பிஸ்டன் விரிந்து லைனரில் ஒட்டி இன்ஜின் நிற்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் பிடி தானாகவே விட்டுவிடும். ஸ்டார்ட் பண்ணி, மெதுவாக ஓட்டிக் கரைக்கு வந்துவிடுவார்கள். “அதான் ஓடுதே, எதுக்குப் பிரிக்கணும்?” என்று கேட்கிற ஓனர்கள் மறுபடி வருவார்கள், அப்போது பில் இரண்டு மடங்காக இருக்கும். ஒருமுறை ஒட்டிய பிஸ்டனின் அலுமினியம் லைனரில் அப்பியிருக்கும், அதன்மேல் ரிங் உட்காராது. ஹெட் வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆயில் இல்லாமல் பிடித்தது என்றால் நான் முதலில் கேட்பது கிராங்க் எந்த சைஸில் ஓடுகிறது என்பதைத்தான். கால் மில்லி, அரை மில்லி என்று சாணை பிடித்து, அந்த அளவுக்கு ஷெல் (கிராங்கைத் தாங்கும் பேரிங் தகடு) போடலாம். ஏற்கெனவே கடைசி சைஸுக்கு வந்துவிட்ட கிராங்கைக் கொண்டுவந்து “எப்படியாவது” என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கிராங்கில் ஷெல் உட்காரும் இடமான ஜர்னல் நீலம் பாய்ந்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை, விரிசல் பார்க்காமல் சாணையில் ஏற்ற மாட்டேன்.

பிளாக் விஷயம் தனி. கடல் தண்ணீரை நேராகவே உள்ளே விட்டு ஓட்டிய பழைய இன்ஜின்களில், லைனரின் கீழ் ரப்பர் ரிங் உட்காரும் இடத்தை உப்பு அரித்திருக்கும். புது லைனர் போட்டாலும் தண்ணீர் சம்புக்குள் இறங்கும். அங்கே வெல்டிங் வைத்தோ, எம்-சீல் பூசியோ தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பிளாக் போய்விட்டால் வேறு இன்ஜின்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வீராம்பட்டினம் பைபர் படகு:

எங்களுடையது அவுட்போர்ட், படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. படகோடு என் மோட்டாரும் சித்தப்பா மோட்டாரும் முழுகிச் சேற்றில் கிடந்தன.

வெளியே எடுத்ததும் சித்தப்பா அவருடையதை வெயிலில் காயவைத்தார். எல்லாருக்கும் தோன்றுவது அதுதான். எனக்கு ஒரு மெக்கானிக் போனில் சொன்னது நேர் எதிர்: காயவிடாதே, காற்றுப் பட்டால்தான் துரு வேலை ஆரம்பிக்கும்; உடனே பிரிக்க ஆள் இல்லையென்றால் நல்ல தண்ணீரில் முழுகவே வை. பெரிய டிரம்மில் குடிதண்ணீர் பிடித்து மோட்டாரை இறக்கிவிட்டேன். அவர் வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்து வடித்து, கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சேறு கழுவி, ஆயில் விட்டுக் கையால் சுற்றினார். கயிறு இழுத்ததும் ஓடவில்லை, வயரிங் காயவும் இக்னிஷன் காயில் மாற்றவும் வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் பிடிக்கவில்லை.

சித்தப்பா மோட்டாரின் முறை வருவதற்குள் கிராங்க் பேரிங் துரு ஏறி இறுகிவிட்டது. பிரிக்கப் போனால் அலுமினிய உடலுக்குள் எஃகு போல்ட் உப்பில் ஊறி ஒன்றாகிப் போயிருந்தது. சூடு காட்டியும் இரண்டு போல்ட் தலை கையோடு வந்தது. அவர் மோட்டாரையே மாற்றினார். பழையதை உதிரிக்கு வைத்திருக்கிறார், அதிலிருந்து நானும் ஒரு கியர் எடுத்தேன்.

தாழங்குடா லாங் டெயில்:

லாங் டெயில் என்கிற, நீண்ட சாஃப்டோடு படகின் பின்னால் மாட்டும் எங்கள் ஒற்றை சிலிண்டருக்கு இவ்வளவு பஞ்சாயத்து வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிஸ்டன், லைனர் மட்டும் என்றால் போடுங்கள். கிராங்கும் போயிருந்தால் இன்னொரு இன்ஜின் வாங்கி இதை உதிரிக்குப் பிரித்து வையுங்கள்.

தேவனாம்பட்டினத்து ஓனர்:

மாற்றியவன் நான், என் பக்கத்தையும் சொல்கிறேன். பிளாக் வெடித்ததால் வேறு வழியில்லை. இன்ஜின் விலை மட்டும்தான் கையில் வைத்திருந்தேன்.

புது இன்ஜினின் கால் பழைய பெட்டில் (இன்ஜினைத் தாங்கும் மரம்) உட்காரவில்லை, மரத்தை வெட்டி உயர்த்த வேண்டியிருந்தது. குதிரைத்திறன் கூட, சுற்றும் வேகமும் கூட. பழைய கியர் பாக்சோடும் பழைய சக்கரத்தோடும் சேர்த்தால் முழு வேகம் எடுக்காமல் கரும்புகை தள்ளியது. சக்கரத்தை மாற்றினேன். சாஃப்ட் நேர்பிடிக்காமல், அது படகுக்கு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்டில் தண்ணீர் ஒழுகியது, அதைச் சரிபண்ணத் தனி கூலி. பிறகு மீன்வளத்துறையில் பதிவுச் சான்றில் இன்ஜின் விவரம் மாற்ற வேண்டும். அதை ஒத்திப்போட்டால் ஆய்வு நடக்கும்போதும் வரி நீக்கிய டீசல் வாங்கும்போதும் கேள்வி வரும். அதனால் விற்றவரிடம் பில்லும் இன்ஜின் நம்பரும் அன்றே வாங்கிவிடுங்கள். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

இவ்வளவுக்கும் மாற்றியதில் வருத்தம் இல்லை. டீசல் குறைவாகக் குடிக்கிறது, ராத்திரி நிம்மதியாகத் தொழில் பார்க்கிறோம். ஒரே மாடல் கிடைத்தால் மட்டும் மாற்றுவது சுலபம், மற்றபடி இன்ஜின் விலைக்கு மேல் நல்ல தொகையைத் தனியாக எடுத்துவையுங்கள்.

ராசாப்பேட்டை:

அண்ணன்களே, எங்களுடையது நாலு சிலிண்டர். கப்ளிங் கழற்றியாச்சு, நாசிலும் கழற்றியாச்சு, தண்ணீர் இல்லை. கம்பி போட்டும் அசையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுத்து நின்றது. ஹெட்டைத் தூக்கலாமா?

லேத் பட்டறை, கடலூர்:

ஓடும்போதே நின்றது என்றால் முதலில் கீழே பாருங்கள் தம்பி. சம்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். பால் மாதிரி இருந்தால் தண்ணீர். செம்பு நிறத்தில் மினுக்கினால் ஷெல் தேய்ந்து உள்ளடுக்கு வந்துவிட்டது.

ராசாப்பேட்டை:

செம்பு நிறம்தான் அண்ணே. போன தடவை கிராங்க் சாணை பிடித்த பில் வீட்டில் இருக்கிறது, அரை மில்லி என்று எழுதியிருக்கிறது.

லேத் பட்டறை, கடலூர்:

அப்படியென்றால் இன்னும் ஒரு சைஸ் போக வழி இருக்கலாம். இன்ஜினை வெளியே தூக்கி, கிராங்கை மட்டும் அளந்து பார்க்கக் கொண்டுவாருங்கள். அதுவரை லைனர், பிஸ்டன் எதற்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.