35,000 ரூபாய்க்குள் எஸ்பிரசோ மெஷினும் கிரைண்டரும்: உடனே ஒரு பெயர் சொல்லுங்கள்

கயல்_கோவை
வணக்கம். வீட்டுக்கு முதன்முறையாக எஸ்பிரசோ மெஷின் வாங்கப் போகிறோம். கிரைண்டரும் சேர்த்து 35,000-க்குள் முடிய வேண்டும். ஒரு மெஷினில் அழுத்தம் 15 பார் என்று போட்டிருக்கிறது. அதைவிட விலை குறைந்த இன்னொன்றில் 20 பார். அப்படியானால் 20 பார்தானே மேல்? கிரைண்டர் கட்டாயமா, மிக்சியில் அரைத்தால் ஆகாதா? தள்ளுபடி நாளை இரவோடு முடிகிறது. தெரிந்தவர்கள் சட்டென்று சொல்லுங்கள்.

பீபெரி_பிரியன்
பெயர் சொல்வது இருக்கட்டும் சார். பால் சேர்த்துக் குடிப்பீர்களா, வெறும் எஸ்பிரசோவா? வீட்டில் எத்தனை பேர்? கொட்டையாக வாங்குகிறீர்களா, பொடியாகவா? இந்த மூன்றும் தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

அடுப்படி_ஆள்
மெஷினே வேண்டாம். அடுப்பில் வைத்துக் காப்பி இறக்கும் ஒரு மோக்கா பாட், கையால் சுற்றும் ஒரு கிரைண்டர். கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது. மிச்சப் பணத்துக்கு நல்ல கொட்டை வாங்குங்கள். பியாலெட்டி 1933-இல் கொண்டுவந்த அலுமினியப் பாத்திரம்தான் இன்றைக்கும் இத்தாலிய வீடுகளில் அடுப்பேறுகிறது. அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?

பீபெரி_பிரியன்
அவர் கேட்டது எஸ்பிரசோ. மோக்கா பாட்டில் அழுத்தம் ஒன்றரை பாரைத் தாண்டுவதே அரிது. நல்ல காப்பி வரும், எஸ்பிரசோ வராது. ஒவ்வொரு இழையிலும் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பழைய_பாய்லர்
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அழகுக்கு வைத்ததல்ல. இருந்தாலும் சொல்கிறேன்.

15, 20 என்பதெல்லாம் பம்பு அதிகபட்சமாகத் தள்ளக்கூடிய அழுத்தம். காப்பித்தூளின் மேல் வேண்டியது 9 பார் அளவுதான். அதற்கு மேல் போனால் நன்மை இல்லை, கெடுதல் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அந்த எண் ஏறிக்கொண்டேதான் போகும்.

மிக்சி ஆகாது. பாதி மாவாகும், பாதி ரவையாக நிற்கும். தண்ணீர் ரவை இருக்கும் பக்கமாக ஓடிவிடும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும்.

கணக்கு இதுதான்: 18 கிராம் தூள், 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடி. இந்த விநாடியை நீங்கள் பிடிப்பது மெஷினில் அல்ல, கிரைண்டரில். ஆகவே பணத்தில் பாதி கிரைண்டருக்கு. இதை ஏற்காதவர்கள் எஸ்பிரசோவை மறந்துவிட்டு உடனடிக் காப்பித்தூள் வாங்கிக்கொள்ளலாம்.

தேன்சிட்டு_77
அவர் சொல்வது பாதிதான் சரி. 35,000-க்குள் கிடைக்கும் சிறிய மெஷின்கள் பெரும்பாலும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டோடு (தூள் போடும் சல்லடைக் கிண்ணம்) வருகின்றன. பாஸ்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். உள்ளே நிறைய ஓட்டைகள் தெரியும். அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும். அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடுவதால் தூள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் நுரையோடு இறங்கும். அதில் விலை உயர்ந்த கிரைண்டரை வைத்துப் பெரிய லாபமில்லை. ஒற்றைச் சுவர் பாஸ்கெட் வாங்கிப் போட்டால்தான் கிரைண்டருக்கு வேலை. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய_பாய்லர்
இரட்டைச் சுவரில் வருவது எஸ்பிரசோவின் மேல் பொன்னிறமாகப் படியும் கிரீமா அல்ல, வெறும் நுரை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

ஒயர்மேன்_48
காப்பியைப் பற்றி எனக்குத் தெரியாது, மின்சாரத்தைப் பற்றித் தெரியும். இந்த வகை மெஷின்கள் 1,300 வாட் அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் அது ஐந்தரை ஆம்பியருக்குச் சற்று மேல். 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஓடும் என்றாலும் பக்கத்திலேயே மிக்சியையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகிவைக்காதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கும் இடமாகப் பார்த்து மேடையில் வையுங்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. உங்கள் பகுதியில் காலையில் மின்வெட்டு உண்டா?

கயல்_கோவை
சார் இல்லை, மேடம். பால் காப்பிதான். வீட்டில் ஐந்து பேர். மாமனாருக்குக் காலை ஐந்தரைக்கே வேண்டும். மின்வெட்டு எப்போதாவது. பொடி தெருமுனைக் கடையில் வாங்குவது, 70-30. அதையே மெஷினில் போடலாம்தானே? போடலாம் என்றால் கிரைண்டர் செலவே மிச்சம்.

பீபெரி_பிரியன்
மன்னிக்கவும் மேடம். முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறீர்களே! 70-30 என்றால் 30 பங்கு சிக்கரி. மெஷினில் போடவே போடாதீர்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுக்கும். எங்கள் அலுவலக மெஷினில் ஒருவர் போட்டுப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக நாலு துளி இறங்கி நின்றுவிட்டது. பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைக் கவிழ்த்துத் தட்டினால் தூள் விழவில்லை. விரல் விட்டு வழித்தெடுக்க வேண்டியதாயிற்று. மேலே தண்ணீர் இறங்கும் ஷவர் திரையின் ஓட்டைகளில் பழுப்பாகப் பிசின் போல ஒட்டியிருந்தது. பழைய பல்துலக்கியும் வெந்நீருமாகத் தேய்த்து எடுத்தோம்.

டபரா_செட்
சிக்கரி என்றாலே விஷம்போல் பேசுவது இங்கே நாகரிகமாகிவிட்டது. நான் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டில் 85-15 போட்டுத்தான் குடிக்கிறேன். ஒன்றும் அடைக்கவில்லை. பாலில் நிறமும் திடமும் நிற்க வேண்டுமென்றால் சிக்கரி வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் குடித்தது எல்லாம் காப்பி இல்லையா?

பீபெரி_பிரியன்
15-க்கும் 30-க்கும் வித்தியாசம் இல்லையா? கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றுதான் சட்டமே சொல்கிறது. அதாவது பாக்கெட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வேறொரு செடியின் வேர் இருந்தாலும் அதற்கு அனுமதி உண்டு. காப்பி விலை கொடுத்து வேரை வாங்குவது உங்கள் விருப்பம்.

டபரா_செட்
விலை குறைவு என்பதால்தான் சாமானியர் காப்பி குடிக்க முடிகிறது. முதல் டிகாக்ஷனை உங்கள் எஸ்பிரசோவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது திடம் என்று தெரியும். பித்தளை ஃபில்டருக்குப் பம்பும் வேண்டாம், பாரும் வேண்டாம்.

பழைய_பாய்லர்
ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் இறங்குகிறது. அது ஊறல். எஸ்பிரசோ அழுத்தத்தில் பிழிவது. 1901-இல் இத்தாலியரான பெட்சேரா காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெஷினிலேயே நீராவியின் அழுத்தம்தான் இருந்தது, கிரீமா இல்லை. 1948-இல் மிலானின் கஜ்ஜியா லீவர் மெஷின் வந்த பிறகுதான் இன்று நாம் எஸ்பிரசோ என்று சொல்வது பிறந்தது. இந்த வரலாறு தெரியாமல் திடம், திடம் என்று…

டபரா_செட்
வரலாறு தெரியாமலேயே காலையில் காப்பி நன்றாக இருக்கிறது ஐயா.

அடுப்படி_ஆள்
மோக்கா பாட்டில் சிக்கரி போட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே.

தேன்சிட்டு_77
கயல், இவர்கள் சண்டை இன்றைக்கு ஓயாது. உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு தடவை பிழிந்தால் இரண்டு பேருக்குப் பால் காப்பி. ஐந்து பேருக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அரைத்து, அழுத்தி, பிழிந்து, நீராவிக்கு மாற்றிப் பால் நுரைத்து, மறுபடி மெஷினைச் சூடு தணியவிட வேண்டும். நீராவிக்கு ஏறிய சூட்டிலேயே அடுத்ததைப் பிழிந்தால் கருகிய கசப்பு வரும். கொஞ்சம் வெந்நீரை வெறுமனே வெளியே விட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஐந்தரை மணிக்கு மாமனாரை அத்தனை நேரம் காத்திருக்க வைப்பீர்களா? அவருக்கு ஃபில்டரே இருக்கட்டும். 70-30 பொடியும் அதற்கே இருக்கட்டும். மெஷின் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும், எட்டு மணிக்கு மேல்.

அப்படி வைத்துக்கொண்டால் டெலோங்கி டெடிகா வகையைச் சேர்ந்த ஒரு சிறிய மெஷின் போதும். கஜ்ஜியா கிளாசிக் இதைவிடப் பல படி மேல். 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர், கையால் பிரித்துப் பழுது பார்க்கலாம், உதிரிபாகமும் கிடைக்கும். ஆனால் கிரைண்டரையும் சேர்த்தால் உங்கள் தொகையைத் தாண்டிவிடும்.

கிரைண்டர் கையால் சுற்றுவது. மோட்டாருக்குப் போகும் பணம் அரைக்கும் பல்லுக்குப் போகும். வாங்கும்போது, நைசு மாற்றும் வளையத்தை ஒரு கிளிக் திருப்பினால் அந்தப் பல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கிங்கிரைண்டர் கே6-இல் 16 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டைம்மோர் சி3 இஎஸ்பி-யில் 23 மைக்ரான் அளவு. சி2 என்று அதே நிறுவனத்தின் மலிவான ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கிளிக் இதைப்போல் பல மடங்கு. ஃபில்டருக்கு அது நல்லது, எஸ்பிரசோவுக்கு ஒரு கிளிக்கில் ஓடும், அடுத்த கிளிக்கில் அடைக்கும். இன்றைய விலைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி நாளில் ஏற்றிக் குறைப்பார்கள்.

ஒயர்மேன்_48
தண்ணீர் எது என்று யாரும் கேட்கவில்லை. சிறுவாணி என்றால் கவலை குறைவு. ஆழ்துளைக் கிணறு என்றால் ஆறு மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டிவிடும். கெட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படலம் இருந்தால் மெஷினுக்குள்ளும் அதேதான் நடக்கும். சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டு அவ்வப்போது கழுவ வேண்டும். இது காப்பி விஷயம் அல்ல என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய_பாய்லர்
18 கிராம் கணக்கை யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

பீபெரி_பிரியன்
கொட்டையை வறுத்த தேதி போட்டிருக்கும் கடையில் வாங்குங்கள். வறுத்த மறுநாளே போடாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். பாலுக்கு நடுத்தர வறுவல், கொஞ்சம் ரொபஸ்டா ரகக் கொட்டை கலந்திருந்தால் நல்லது. சிக்கரி இல்லாமலேயே திடம் நிற்கும்.

டபரா_செட்
ரொபஸ்டா கலக்கலாம், சிக்கரி கலக்கக்கூடாது. நல்ல நியாயம்.

*(ஒன்பது நாள் கழித்து)*

கயல்_கோவை
வாங்கிவிட்டோம். சிறிய மெஷின், கைக்கிரைண்டர், ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாக. மாமனார் ஃபில்டரிலேயே இருக்கிறார். 18 கிராம் போட்டால் போர்ட்டாஃபில்டர் மாட்டவே மாட்டேன் என்கிறது. அமுக்கி மாட்டினால் தூளின் மேல் திரை பதிந்த அச்சு. கொஞ்சம் எடுத்துவிட்டுப் போட்டால் 12 விநாடியில் கொட்டிவிடுகிறது, புளிக்கிறது. என்ன செய்வது? மற்றபடி அனைவருக்கும் நன்றி.

பழைய_பாய்லர்
கிரைண்டரில் தவறு.

தேன்சிட்டு_77
கிரைண்டரில் தவறில்லை. 18 கிராம் என்பது 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின் கணக்கு. உங்களுடையது 51 ஆக இருக்கும். அதில் 14 கிராம் அளவுதான் கொள்ளும். 14 போட்டு 28 கிராம் இறக்குங்கள், அந்த விகிதம்தான் முக்கியம். அதே 14 கிராமை மாற்றாமல் இரண்டு கிளிக் நைசாக அரையுங்கள். 25 விநாடி வரும்வரை கிளிக்கை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். முழுவதும் அடைத்துக்கொண்டால் ஒரு கிளிக் பின்னால். புளிப்பு போய்க் கசப்பு எட்டிப் பார்த்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். எடைபோட என்ன வைத்திருக்கிறீர்கள்? சமையலறைத் தராசு என்றால் 0.1 கிராம் காட்டுவதா?

அடுப்படி_ஆள்
மோக்கா பாட்டுக்குத் தராசே வேண்டாம்.