எனக்குப் பிடித்த ரீமிக்ஸ் தட்டுகள்: கேட்டுவிட்டுத் திட்டவும்

செந்தூல் ஊசி

பகலில் அலுவலகம், ஒன்றிரண்டு சனிக்கிழமை கேஎல்லில் (கோலாலம்பூர்) சின்ன இடங்களில் டிஜே. போன தடவை செட் முடிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து "அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டுறதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கான பதில் இது, கொஞ்சம் நீளும்.

நல்ல ரீமிக்ஸ்காரர் பாட்டில் எதையும் திணிப்பதில்லை, இருப்பதை எடுக்கிறார். பிரிட்டிஷ் குழு மாசிவ் அட்டாக் 1994-இல் 'புரொடெக்‌ஷன்' போட்டார்கள். அடுத்த வருடமே மேட் புரொபஸர் அதை 'நோ புரொடெக்‌ஷன்' என்று ஜமைக்காவின் டப் பாணியில் ரீமிக்ஸ் செய்தார். பாட்டில் பாதியைத் தூக்கிவிட்டார், மிச்சம் பாஸ், டிரம், எங்கிருந்தோ வந்து பாதியில் கரைந்துபோகும் ஒரு குரல். நான் இரண்டாவது தட்டைத்தான் அதிகம் போடுகிறேன். ஜமைக்காவில் கிங் டப்பி தொடங்கி வைத்த வேலை இது. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்த மனிதர், மிக்சர் போர்டையே வாத்தியம் ஆக்கினார்.

மாசிவ் அட்டாக்கின் அந்த ஆல்பத்தில் பாடிய டிரேசி தோர்ன்தான் எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் பாடகியும். அவர்களின் 'மிஸ்ஸிங்' 1994-இல் வந்தபோது பெரிதாக எடுபடவில்லை. டிஜே டாட் டெர்ரி அடியில் ஒரு ஹவுஸ் (கிளப் நடன இசை) தாளத்தை ஓட விட்டு, குரலைத் தொடாமல் விட்டார். அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது.

அப்புறம் அமெரிக்கக் கவிஞர், பாடகர் கில் ஸ்காட்-ஹெரனின் கடைசி ஆல்பம், 2010. அடுத்த ஆண்டு ஜேமி எக்ஸ்எக்ஸ் அதை முழுதாகப் பிரித்து 'வி ஆர் நியூ ஹியர்' என்று கட்டினார். கிழவர் குரலில் இருந்த களைப்பு அப்படியே இருக்கிறது, கீழே தரை மட்டும் மாறியிருக்கிறது.

நம் பக்கம் வந்தால் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா', 2007. முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு' தாளம் ஓடும். கடைசியாக சரண்ஜித் சிங், பம்பாய்க்காரர், 1982-இல் ரோலண்டின் 303 பாஸ் மெஷின், 808 டிரம் மெஷின் எல்லாம் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டுப் போட்டார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் இசையைத் தொடங்கி வைத்த 'ஆசிட் டிராக்ஸ்' வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் ஊரே தேடியது. இது ரீமிக்ஸ் இல்லை என்று தெரியும். பிடிக்கும், அதனால் சேர்த்தேன்.

பங்சார் பையன்

எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம்ம ஊர் ராப் ஆல்பம் 'வல்லவன்' எங்கே பாஸ்? 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூணு பேரும் 'மடை திறந்து' போட்டபோது நாங்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் சீட்டைத் தட்டியே கிழித்தோம். அது இல்லாமல் ஒரு கேஎல்காரன் லிஸ்ட்டா?

செந்தூல் ஊசி

'வல்லவன்' இல்லாமல் நான் டிஜே ஆகியிருக்கவே மாட்டேன். 'நிழல்கள்' பாட்டின் பல்லவியை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாக எழுதினார்கள், அதனால்தான் அதை இந்த வரிசையில் வைக்கவில்லை. அடுத்த வருடமே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸில் வந்தார். அதற்குப் பிறகு கோடம்பாக்கத்தில் பழைய பாட்டுக்கெல்லாம் டிரம் லூப் கட்டி விட்டார்களே, அந்தக் கூத்தை எனக்கும் பிடிக்காது.

முழுத்தட்டு

தம்பி, நான் புலாவ் தீக்கூஸில் இருந்து எழுதுகிறேன், ஆல்பத்தை முதலில் இருந்து கடைசி வரை கேட்கிற பழைய கட்சி. நீங்கள் 'மிஸ்ஸிங்' சொன்னீர்கள், நான் அதை வைத்தே பேசுகிறேன். அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் 'ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்'. டேனி தாம்சன் டபுள் பாஸ் வாசித்திருப்பார், விரல் கம்பியில் உரசுவது கூடக் கேட்கும். உங்கள் செட்டில் ஆடியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அந்தத் தட்டைத் தேடினார்கள்? டாட் டெர்ரி குரலை விட்டுவைத்தார், சரி. ஆனால் அந்தப் பெண் ஏன் அவ்வளவு தணிந்த குரலில் பாடுகிறாள் என்பதற்கான காரணம் மற்ற பாட்டுகளில் இருக்கிறது. ஒன்றை மட்டும் உருவி எடுத்து ஆட விட்டால் காரணம் போய்விடுகிறது.

சுசீலா ராமனின் 'சால்ட் ரெய்ன்' (2001) எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெண், லண்டனில் பிறந்தவர், கர்நாடக உருப்படிகளையும் சொந்தப் பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்திருப்பார். அந்த அடுக்கில்தான் அர்த்தம். அதில் இருந்து மூன்று நிமிடம் வெட்டி நடுராத்திரி போட்டால் "அட, இந்தியன் வோக்கல்" என்று யாராவது சொல்வார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. எடுப்பதுதான் கலை என்கிறீர்களே, கூடவே பெயரையும் எடுத்துவிடுகிறீர்கள். 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டியின் கதை அதற்குள் இருக்கிறது, தோட்டத்து லயத்தில் இருந்து வந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகையில் கூடப் பாடிய பாடகி தீ இருந்தார், ஸ்னேக் இருந்தார். எழுதிப் பாடிய அறிவு எங்கே? அந்த ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையிலும் அவர் இல்லை, பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செந்தூல் ஊசி

அக்கா, பலகையில் யார் படம் வர வேண்டும் என்று முடிவு செய்தது விளம்பரம் செய்த நிறுவனம். டிரம் போட்டவன் மேல் அதைச் சுமத்தாதீர்கள்.

'மிஸ்ஸிங்' விஷயத்தில் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த ரீமிக்ஸுக்குப் பிறகு அவர்களே 1996-இல் 'வாக்கிங் வூண்டட்' போட்டார்கள், டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான மின்னணுத் தாளத்தின் மேல் அதே தணிந்த குரல். ரீமிக்ஸ் போய் ஆல்பத்தையே மாற்றியிருக்கிறது. கில் ஸ்காட்-ஹெரன் குரலில் இருந்த 'ஐ வில் டேக் கேர் ஆஃப் யூ'வும் அப்படித்தான். 1959-இல் பாபி பிளாண்ட் பாடியது, கிழவர் பாடினார், ஜேமி கட்டினார், அதே வருடம் டிரேக்கும் ரியானாவும் அதன்மேல் பாடினார்கள். நாலு கை மாறியிருக்கிறது, பாட்டு சாகவில்லையே.

முழுத்தட்டு

பாட்டு சாகவில்லை தம்பி. டிரேக் ரசிகன் எத்தனை பேருக்கு பாபி பிளாண்ட் பெயர் தெரியும், அதைச் சொல்லுங்கள்.

தண்ணிமலை உறுமி

நான் பினாங்கு, உறுமி வாசிப்பவன். ரெண்டு பேர் கட்சியும் இல்லை.

தைப்பூசத்துக்கு ஜாலான் உத்தாமா பக்கம் வந்து பாருங்கள். ஒரு தண்ணீர்ப் பந்தலில் ஒரு ஸ்பீக்கர், அடுத்ததில் இன்னும் பெரிய ஸ்பீக்கர், முருகன் பாட்டுக்கே கிக் டிரம் (தும் தும் என்கிற அடி) போட்டு விட்டிருப்பான். நடுவில் நாங்கள் காவடிக்கு வாசித்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் தாளம் காட்டும் மெட்ரனோம் கருவியைப் பார்த்து வாசிப்பதில்லை, காவடி எடுப்பவர் காலைப் பார்த்து வாசிக்கிறோம். சாமி வரும்போது வேகம் தானாக ஏறும், அவர் தளர்ந்தால் இறங்கும். ரீமிக்ஸ்காரன் இதைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் நிமிடத்துக்கு 128 அடி என்று பூட்டிவிடுகிறான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அதைவிட மோசம் இன்னொன்று. உறுமியின் ஒரு பக்கத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கும்போதுதான் அந்த முனகல் வருகிறது. அது கீழ்ச் சுருதியில் இழுத்துக்கொண்டு ஓடும். அதே இடத்தில் கிக்கும் பாஸும் வந்து உட்கார்ந்தால் முனகல் காணாமல் போய், மறுபக்கத்துத் தட்டு மட்டும் டக் டக் என்று கேட்கும். அப்புறம் அது உறுமி இல்லை, தகர டப்பா.

அக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டுடியோவில் போய் ஆல்பத்துக்கு வாசித்தாலும் இதே கதைதான். கண்ணாடி அறையில் யார் காலைப் பார்ப்பது?

பங்சார் பையன்

அப்போ எம்.ஐ.ஏ. 'பேர்ட் ஃப்ளூ'வில் வருகிற உறுமி?

தண்ணிமலை உறுமி

அது வேறு. சென்னையில் போய் வாசிப்பவர்களையே உட்கார வைத்துப் பதிவு செய்தது. உறுமியை முன்னால் வைத்துவிட்டு அந்தப் பெண் அதன்மேல் கத்துகிறார். அடியில் யாரும் தனியாக டிஸ்கோ ஓட்டவில்லை, உறுமிதான் டிஸ்கோ. அது எனக்குப் பிடிக்கும்.

செந்தூல் ஊசி

அண்ணே, நான் முதல் பதிவில் சொன்னதையே நீங்கள் கையால் வாசித்துக் காட்டிவிட்டீர்கள். கிக்கைத் திணிக்காதே, இருப்பதை விட்டுவை. 128-இல் பூட்டுவது சோம்பேறித்தனம்தான். மென்பொருளில் தாளக் கட்டத்தை உறுமியின் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம், தாளம் ஏறினால் கட்டமும் ஏறும். கையால் ஒவ்வொரு அடியாகக் குறிக்க வேண்டும், ராத்திரி முழுக்கப் போய்விடும், அதனால்தான் யாரும் செய்வதில்லை. அப்புறம் கிக் இல்லாமலே போடலாம், கிளப்பில் ஆடுவார்களா என்பதுதான் பயம்.

முழுத்தட்டு

காவடிக்கு ஆடுகிறவன் கிக் கேட்டா ஆடினான்?

தண்ணிமலை உறுமி

😂 அக்கா சொன்னது சரி.

முழுத்தட்டு

பேச்சை மாற்றாதீர்கள் தம்பி, பெயர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நிறுவனம் செய்தது என்று நழுவுகிறீர்கள். உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாமே. எங்கள் பினாங்கு அலிகேட்ஸ் குழு, ஆறுமுகம் வீட்டு அண்ணன் தம்பி டேவிட்டும் லோகாவும் மலாயில் பாடி நாடு முழுக்க ஒலித்தவர்கள். 2007-இல் லோகா இறந்த பிறகும் அந்தக் குரலைக் கேட்டதும் யாரென்று எல்லாரும் சொல்வார்கள். நாளைக்கு நீங்கள் அதை வெட்டி எட்டு நிமிடம் ஓட்டினால், வந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது உங்கள் டிராக். மைக்கை எடுத்துச் சொல்வீர்களா?

செந்தூல் ஊசி

மைக்கில் சொல்ல மாட்டேன். மிக்ஸ் நடுவில் பேசும் டிஜேயை எனக்கே பிடிக்காது, அது கல்யாண மண்டப வேலை. இந்த மாத செட்டில் இருந்து பாட்டு வரிசையை முழுதாக எழுதி வாசலில் ஒட்டுகிறேன், மூலப் பாட்டு, பாடியவர், எழுதியவர், எந்த ஆல்பம், எந்த வருடம். பிறகு தேடுவதும் தேடாததும் அவரவர் விருப்பம். ஆம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தையில் 'ஆம்ப்ளிஃபைட் ஹார்ட்' கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைக்கிறேன், போதுமா?

முழுத்தட்டு

போதாது. 'எஞ்சாமி' போட்டால் அறிவு பெயர் மேலே, ஸ்னேக் பெயர் கீழே.

செந்தூல் ஊசி

சரி, அது முடியும். ஆனால் 'நோ புரொடெக்‌ஷ'னில் மேட் புரொபஸர்தான் மேலே. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முழுத்தட்டு

அங்கேதான் நமக்கு ஒத்துவராது. அந்தக் குரல் இல்லாமல் அவர் எதைக் கரைத்திருப்பார்?

பங்சார் பையன்

வாசலில் ஒட்டுகிற பேப்பரில் 'வல்லவன்' இல்லை என்றால் நான் உள்ளே வரமாட்டேன் லா.

தண்ணிமலை உறுமி

சனிக்கிழமை எனக்கு செபராங் பிறையில் கோயில் வாசிப்பு, வர முடியாது. நம் குழு வாசித்த பதிவு ஒன்று அனுப்புகிறேன் தம்பி, ஏற்ற இறக்கத்தோடு அப்படியே இருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து குறித்துப் பார். கிக் போட்டாய் என்றால் தெரிந்துவிடும்.