5 வோல்ட் ஏடிஎஸ்எல் லைன் டிரைவர்: கிளாஸ் ஏபி ஸ்டேஜில் சிக்கல், உதவுங்கள்

வணக்கம். அனலாக் ஐசி டிசைன் செய்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.

ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பிவழி இணையம்) மோடமின் பயனர் பக்கத்துக்கு சிமாஸ் சிப்பில் ஒரு லைன் டிரைவர் (சிக்னலைத் தொலைபேசி லைனுக்குள் தள்ளும் ஆம்ப்ளிஃபயர்) செய்கிறேன், 5 வோல்ட் ஒற்றை சப்ளை. லைனுக்கு 13 டிபிஎம், அதாவது 20 மில்லிவாட், போக வேண்டும். 100 ஓமில் அது 1.41 வோல்ட் ஆர்எம்எஸ்தான். ஆனால் டிஎம்டி (பல டோன்களைச் சேர்த்து அனுப்பும் ஏடிஎஸ்எல் முறை) சிக்னலின் உச்சம் அதைப் போல 5.3 மடங்கு எகிறும், ஆக 7.5 வோல்ட். 1:4 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, டெர்மினேஷன் ரெசிஸ்டரில் (லைனின் இம்பீடன்ஸுக்குப் பொருந்த வைப்பது) போகும் பாதியையும் சேர்த்தால் டிரைவர் தர வேண்டியது 3.75 வோல்ட். டிஃபரன்ஷியல் என்பதால் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் மேலும் கீழும் 0.6 வோல்ட் மிஞ்சுகிறது. சமாளிக்கலாம். உச்சக் கரண்ட் 300 மில்லிஆம்ப், அதுதான் தலைவலி.

அவுட்புட் கிளாஸ் ஏபி (சிக்னல் இல்லாதபோது சிறு கரண்ட் மட்டும் ஓடும் வகை), காமன் சோர்ஸ் டிரான்சிஸ்டர்கள்; அவற்றை ஓட்ட இருபுறமும் எரர் ஆம்ப்ளிஃபயர். அதன் ஆஃப்செட் (இன்புட்டில் இருக்கும் சிறு வோல்டேஜ் பிழை) சில மில்லிவோல்ட் நகர்ந்தாலே சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்ட் கன்னாபின்னாவென்று மாறுகிறது. கெயினைக் குறைத்தால் கரண்ட் அடங்குகிறது, கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்கு வேலை மாறும் இடத்தில் வரும் சிதைவு) தலைதூக்குகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் டோனின் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசை) 300 கிலோஹெர்ட்ஸில், நேராக டவுன்ஸ்ட்ரீம் (நமக்கு வரும் சிக்னல்) பேண்டில் போய் விழுகிறது. நம் ரிசீவரின் காதை நாமே அடைத்த கதை! போதாக்குறைக்கு, அதே டிரான்ஸ்ஃபார்மர் வரும் சிக்னலையும் நாலில் ஒன்றாக்கிவிடுகிறது.

எரர் ஆம்ப் கெயினை 10 அளவில் வைத்துக்கொண்டு, ரெப்ளிகா பயாஸ் (அவுட்புட் ஸ்டேஜின் சிறு நகலைப் பார்த்து கரண்ட்டை அமைப்பது) வைத்துக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தியவர்கள் உண்டா? ஆக்டிவ் டெர்மினேஷனுக்கு (சிறிய ரெசிஸ்டர் போட்டு, மிச்ச இம்பீடன்ஸை ஃபீட்பேக்கால் உண்டாக்குவது) மாறி டிரான்ஸ்ஃபார்மர் விகிதத்தைக் குறைப்பது மேலா? ஃபீட்பேக் லூப்பின் ஸ்டெபிலிட்டி கெட்டுவிடுமோ என்றுதான் யோசிக்கிறேன். சர்க்யூட் படம் வேண்டுமென்றால் கமெண்டில் போடுகிறேன்.