ரகசியம் உடையும் அந்தப் படம்: பார்க்கும்போது உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

காட்பாடிக்காரி:
பொங்கலுக்கு டிவியில் போட்டார்களே, அதேதான். அப்பா செத்த பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து இன்னொரு குடும்பத்தின் போட்டோவை எடுக்கிற இடம். எங்கள் ஆயா கீழே முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. மூத்த மனைவி "யாரு இவ?" என்று கத்தியதும் ஆயாவின் கை நின்றுவிட்டது. "இவளாவது வாயத் தொறந்து கேட்டா" என்றது. அவ்வளவுதான், மறுபடி கீரை. அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். தாத்தா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் இருந்தவர், வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கல். ஷிப்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஏன் சத்தத்தைக் கூட்டினார்?

லுங்கித்தறி:
நான் குடியாத்தத்தில் தியேட்டரில் பார்த்தேன். சாவு வீடு, சின்ன வீட்டு மகள் மாலையோடு வாசலில் நிற்கிறாள், பங்காளிகள் மறிக்கிறார்கள். முன் வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "உள்ள வுடுங்கடா, அவளுக்கும் அப்பன்தானடா!" என்று ஒரு சத்தம். தியேட்டரே விசிலடித்தது. கூட வந்த பையன் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். திரையில் அந்தப் பெண் மாலை போட்ட பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்தார். மீதிக் கதை எனக்கு நினைவே இல்லை.

பாலாறு:
எல்லோரும் உருகுகிறீர்கள், ஆனால் கதையே ஓட்டை. படத்தில் அந்த அப்பா உயிலைப் பதிவு செய்தாராம், குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாதாம். சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தால் வந்துவிடாதா? எங்கள் பெரியப்பா கழனியைத் தான செட்டில்மென்ட் எழுதி வைத்தது அப்படித்தான் வெளியே வந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாருக்கு எழுதினாரோ அந்தப் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தாளைக் கொடுக்கவே இல்லை.

ஆற்காட்டார்:
பாலாறு, செட்டில்மென்ட் வேறு, உயில் வேறு. செட்டில்மென்ட் பதிவு ஆபீசின் 1ஆம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கத்தில் வரும். உயில் ஏறுவது 3ஆம் புத்தகத்தில், வில்லங்கத்தில் வரவே வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜென்டோ தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. ஆக, படத்தில் காட்டியது சரி.

என் கதை சின்னது. அப்பா கருமாதி அன்று பந்தலில் ஒரு பையன் வந்து நின்றான். அப்பாவின் அதே மூக்கு. யாரும் அறிமுகம் செய்து வைக்கத் தேவைப்படவில்லை.

காட்பாடிக்காரி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் மனைவி இருக்கும்போது செய்த இரண்டாம் கல்யாணம் செல்லாது, அந்த அம்மாவுக்கு மனைவி என்ற பங்கு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு உண்டு, இந்து திருமணச் சட்டம் 16ஆம் பிரிவு. அப்பன் பங்குக்கு வருகிற பூர்வீகச் சொத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் தாத்தா பேரில் ஏதாவது இருந்தால் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பேர் ஏறியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஆம்பூர் பக்கம் நிலம் என்றால் 2019க்கு அப்புறம் அது திருப்பத்தூர் மாவட்டம், பேரணாம்பட்டு என்றால் வேலூர்தான். பழைய பத்திரத்தில் வட ஆற்காடு என்று போட்டிருக்கும், குழம்ப வேண்டாம். பட்டாவையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். ஆயாவிடம் எதிலும் கைநாட்டு வாங்க விடாதீர்கள்.

காட்பாடிக்காரி:
அண்ணா, தாத்தா விட்டுப் போனது ஒரு சைக்கிளும் சொசைட்டிக் கடனும்தான். நான் சொத்தைப் பற்றி எங்கே கேட்டேன்?

பாலாறு:
3ஆம் புத்தகம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் ஊரில் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? எங்கள் பக்கம் டீக்கடைக்கு வருவதற்குள் பரவியிருக்கும்.

லுங்கித்தறி:
அதை விடுங்கள். ஆற்காட்டாரே, கருமாதிக்கு வந்த அந்தத் தம்பி சாப்பிட்டுவிட்டுத்தானே போனார்?

ஆற்காட்டார்:
சாப்பிட்டான், எனக்குப் பக்கத்து இலை. எங்கள் அத்தைதான் பரிமாறினார். அவன் இரண்டாவது தடவை ரசம் கேட்டபோது மட்டும் கொஞ்சம் முறைத்தார், ஆனாலும் ஊற்றினார்.