பொருள்: பேஸ்ஃப்ளோ – தமிழில் என்ன சொல்லலாம்? (பாடநூல், கொஞ்சம் அவசரம்)

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளநிலைப் புவியியல் மாணவர்களுக்கான ஆற்றுநீர்ப் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்ட்ரீம்ஃப்ளோவுக்கு 'ஆற்றொழுக்கு', ரன்ஆஃபுக்கு 'ஓடுநீர்' என்று வைத்துவிட்டேன். பேஸ்ஃப்ளோவில்தான் முட்டி நிற்கிறேன். மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஆற்றில் ஓடுகிற நீர் அது. மண்ணுக்குள் இறங்கிய மழை நிலத்தடி நீராகி, மெல்ல வெளியேறி ஆற்றுக்கு வருகிறது. முதல் வரைவில் 'அடியொழுக்கு' என்று எழுதினேன். அதை வகுப்பில் சொல்லிப் பார்த்த தோழி, மாணவர்கள் ஆற்றின் தரையை ஒட்டி ஓடும் நீர் என்று புரிந்துகொண்டு படம் வரைகிறார்கள் என்கிறார். மாற்றியே ஆக வேண்டும்.

பொருநைக்கரையான் எழுதியது:

அம்மா, சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. ஔவையின் நல்வழியை எடுங்கள். 'ஆற்றுப் பெருக்கற்று அடிசுடும் அந்நாளும் அவ்வாறு ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்.' மழையோடு வருவது ஆற்றுப்பெருக்கு. மழை போன பின்னும் ஊட்டுவது ஊற்றுப்பெருக்கு. இதைவிடத் தெளிவாக எந்த நீரியல் நூல் பிரித்துக் காட்டிவிடும்? 'ஊற்றுப்பெருக்கு' என்றே போடுங்கள். பட்டினப்பாலையின் 'வான் பொய்ப்பினும் தான் பொய்யா' என்ற காவிரியும் இதுதான். வானம் தவறினாலும் மலை தன்னிடம் வைத்திருப்பதை விட்டுக்கொண்டே இருக்கிறது.

பாலாற்றான் எழுதியது:

ஐயா, ஔவையை நானும் வணங்குகிறேன். ஆனால் 'அடிசுடும்' என்றால் மேலே நீரே இல்லை என்று பொருள். ஆறு அங்கே வெறும் மணல். ஔவை பாடியது மணலுக்குள் இருக்கும் நீரை. எங்கள் பாலாற்றில் ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குக் கொண்டுபோனார்களே, அந்த நீர். பேஸ்ஃப்ளோ என்பது ஆற்றில் அளவுகோல் நட்டால் அளக்கக் கூடியது. பாலாற்றில் கோடையில் அளவுகோல் சுழியம் காட்டும், மணலுக்குள்ளோ நீர் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மணலை அள்ளிய பிறகு நாம் இழந்தது எது என்று மாணவனுக்கு எப்படிச் சொல்வது?

இன்னொன்று, 'பெருக்கு' என்றால் கூடுவது. ஆடிப்பெருக்கு என்கிறோம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் ஒன்றைப் பெருக்கு என்பது பொருந்தாது.

பொருநைக்கரையான் எழுதியது:

பெருக்கு பற்றிச் சொன்னது சரி. அப்படியானால் 'ஊற்றொழுக்கு'. ஊறு என்ற வினையிலிருந்து ஊற்று. ஊருணியும் இதே வேர்தான், ஊறி உண்ணத் தருவது.

செந்தமிழ்க்கிளி எழுதியது:

ஊருணியில் இடையின ரகரம், ஊறு என்பதில் வல்லின றகரம். ஊரார் உண்ணும் நீர் என்பதே ஊருணி. குறளில் 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று வருவதற்கும் ஊரைச் சேர்த்தால்தான் உரையே நிற்கும். நிற்க, 'ஊற்று' என்பது ஏவலும் ஆகிறது. தண்ணீர் ஊற்று என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். 'கசிவொழுக்கு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

உதகை ஆசிரியை எழுதியது:

வேரை விட்டு நிலத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை நான் வகுப்பில் எதற்குப் பயன்படுத்துவேன் என்று சொல்கிறேன். நீலகிரியில் உள்ள கிளென்மார்கனில் புல்வெளியாகவே விட்ட ஒரு சிறு நீர்ப்பிடிப்பையும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட இன்னொன்றையும் பல ஆண்டுகள் அருகருகே அளந்தார்கள். மழை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மரம் நட்டதில் முதல் பத்தாண்டுச் சுற்றில் மொத்த நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. கோடை ஓட்டத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. ஆழமாக வேர்விடும் மரம், மெல்ல இறங்கிவர வேண்டிய நீரை உறிஞ்சி ஆவியாக்கிவிடுகிறது. மரம் நட்டால் ஆறு பெருகும் என்று நம்பி வரும் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு வகுப்பு முழுக்கப் போய்விடும். அந்த நேரத்தில் வாயில் நிற்கிற சொல் வேண்டும். 'ஊற்றொழுக்கு' நிற்கிறது. 'கசிவொழுக்கு' என்றால் குழாய் பழுது மாதிரி கேட்கிறது.

வலிகாமம் எழுதியது:

வணக்கம் ஐயா, அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிக்கல். எங்களிடம் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியோடு சரி. சுண்ணாம்புக்கல் தரை மழையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது கீரிமலையில் கடலோரமாக நன்னீர் ஊற்றாக வரும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு ஊற்றொழுக்கு என்றால் ஆறு நினைவுக்கே வராது. ஊற்றிலிருந்து வரும் நீர் என்றுதான் எடுப்பார்கள். நீங்கள் நீர்ப்பிடிப்பு என்பதை நாங்கள் நீரேந்து பிரதேசம் என்கிறோம். இதிலாவது இரண்டு கரைக்கும் ஒரே சொல் வந்தால் நல்லது.

மதகடி எழுதியது:

பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் பேஸ்ஃப்ளோ என்றே சொன்னோம், யாருக்கும் குழப்பம் இல்லை. அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு விளக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். விளக்கத்தில்தான் கவனம் வேண்டும். மேட்டூருக்குக் கீழே 1934 முதல் கோடையில் காவிரியில் வரும் நீர் பெரும்பாலும் மதகு திறந்துவிட்டது. வைகைக்கு 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வருகிறது. ஆற்றில் நீர் ஓடுகிறது என்பதாலேயே அந்த நிலம் தந்த நீர் என்று மாணவன் கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஊற்றொழுக்கு என்றாலும் கசிவொழுக்கு என்றாலும் இந்தத் தவறு வரும்.

செந்தமிழ்க்கிளி எழுதியது:

ஐயா, விளக்கம் வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. ஆனால் சொல்லே பாதி விளக்கம். பேஸ்ஃப்ளோ என்ற ஒலி, ஆங்கிலம் அறியாத மாணவிக்கு எதையும் சொல்லாது. அவள்தான் நாளை ஊராட்சிக் கூட்டத்தில் தன் ஓடையைப் பற்றிப் பேசப்போகிறவள்.

உதகை ஆசிரியை எழுதியது:

இதற்கு நானும் கை தூக்குகிறேன்.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. பாடத்தில் 'ஊற்றொழுக்கு' என்று போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் பேஸ்ஃப்ளோவும் பக்கத்தில் இருக்கும். மதகடி ஐயா சொன்ன மேட்டூர், பெரியாறு செய்தியைத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன். பாலாற்று மணல் நீருக்கு 'மணலடி நீர்' என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறேன். வலிகாமம் அண்ணா, கீரிமலை பற்றி ஒரு அடிக்குறிப்பு வருகிறது. இப்போதைக்கு அதுதான் முடிந்தது.

பாலாற்றான் எழுதியது:

மணலடி நீர் நன்று. ஊற்றொழுக்குக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆற்றின் கரை நெடுகக் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் நீரை, ஓர் இடத்தில் பீறிடும் ஊற்றின் பெயரால் அழைக்கிறோம். அடுத்த பதிப்பில் 'கசிவொழுக்கு' மறுபடி எடுத்துப் பேசப்பட வேண்டும்.