பழைய டிராக்டருக்கு என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? பாகூர், பண்ருட்டி, கடலூர் பக்கத்து அனுபவங்கள்

பாகூரிலிருந்து:

அப்பா 1983-ல் வாங்கிய மாஸி 1035 இன்னும் எங்கள் வீட்டிலிருந்து உழவுக்குப் போகிறது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், 35 குதிரைத்திறன். ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு நாலு காணி. அதுபோக அக்கம்பக்கத்தில் சேற்றுழவுக்குக் கூப்பிட்டாலும் போவோம். அப்பா இருந்தவரை கடையில் ‘நாற்பதாம் நம்பர்’ என்று கேட்டு வாங்கி வருவார், அவ்வளவுதான். அவர் போன பிறகு வண்டி என் பொறுப்புக்கு வந்தது. ஆயில் விஷயத்தில் நான் பட்டதை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

போன சம்பாவுக்கு முந்தின சம்பா. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆயில் பிரஷர் முள் இறங்க ஆரம்பித்துவிடும். காலையில் விறைப்பாக நிற்கிற முள், மத்தியானம் ஸ்லோவில் விட்டால் படுத்துவிடும். கடையில் சொன்னேன். “எஞ்சின் தேய்ஞ்சு போச்சு, கெட்டி ஆயிலா ஊத்துங்க” என்று 20டபிள்யூ-50 எடுத்துக் கொடுத்தார்கள். ஊற்றினேன். முள்ளும் ஏறியது. ஒரு வாரம் நிம்மதி.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, காலையில் ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை, டிப் ஸ்டிக்கை, உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. நான் சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. பழைய வண்டியில் ஆயில் குறையும், சரி. ஏறுமா? கம்பியை மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. விரலில் தொட்டுத் தேய்த்தேன், பிசுபிசுப்பே இல்லை. தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் கருவட்டம் அப்படியே நிற்க, அதைச் சுற்றி வெளிறிய ஈரம் அகலமாகப் பரவியது. தூக்கிப் பிடித்துப் பார்த்தால் பஜ்ஜி மடித்த தாள்போல வெளிச்சம் தெரிகிறது.

கழற்றிப் பார்த்தால், எஞ்சினுக்கு டீசல் தள்ளுகிற ஃபீட் பம்புக்குள் இருக்கிற டயாப்ரம் ரப்பர் வயதாகிக் கிழிந்திருந்தது. அந்தப் பம்ப் எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கிழிந்தால் டீசலுக்கு நேராகச் சம்புக்குள், அதாவது எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டிக்குள், வழி. டீசல் கலந்து ஆயில் மெலிந்ததால்தான் முள் படுத்திருக்கிறது. அதைத் தேய்மானம் என்று நினைத்து, நான் கெட்டி ஆயிலை ஊற்றி நோயை மூடிவைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். டயாப்ரம் மாற்றினேன், ஃபில்டரும் புதிது போட்டு 15டபிள்யூ-40 ஊற்றினேன். மத்தியானமும் முள் நிற்கிறது.

நம் வெயிலுக்கு 15டபிள்யூ-40 போதுமா, 20டபிள்யூ-40 தான் சரியா? டின் மேல் போட்டிருக்கிற சி.ஐ-4, சி.கே-4 எல்லாம் என்ன?

பண்ருட்டியிலிருந்து:

அண்ணா, நம்மிடம் இருப்பது பழைய பி-275 டிராக்டர். முந்திரித் தோப்பில்தான் முக்கால்வாசி வேலை. சித்திரை, வைகாசியில் செம்மண் புழுதி வண்டியையே மூடிவிடும். நான் நல்ல ஆயில்தான் ஊற்றுகிறேன், ஆனாலும் மாதத்துக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பிராண்ட் மாற்றிப் பார்த்தேன். கோளாறு ஆயிலில் இல்லை, ஏர் கிளீனரில் இருந்தது.

இந்த வண்டிகளில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு, அதில் ஆயில் நிற்கும். உள்ளே வருகிற காற்று அதில் பட்டு, புழுதியை அங்கேயே விட்டுவிட்டு மேலே போகும். நாங்கள் அந்தக் கிண்ணத்தில் எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலையே ஊற்றி வந்தோம், காசு மிச்சம் என்று. ஒருநாள் கழற்றிப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சிவப்புச் சேறு, அரைத்த மிளகாய் விழுதுபோல. மேலே ஆயில் பேருக்குத்தான் இருந்தது. அப்புறம் புழுதியெல்லாம் எங்கே போகும்? எஞ்சினுக்குள் போய் சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அறுத்துவிட்டது. ரிங் மாற்றி ஓட்டுகிறோம். இப்போது எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே புது ஆயில்தான் கிண்ணத்துக்கும். புழுதிக் காலத்தில் தினமும் கழற்றிப் பார்ப்பேன்.

கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஊற்றிவிடாதீர்கள். தம்பி ஒருமுறை நிறைய ஊற்றிவிட்டான். எஞ்சின் அந்த ஆயிலை இழுத்து நீலப் புகை கக்கியது. பயந்து போனோம்.

வில்லியனூரிலிருந்து, மெக்கானிக்:

பாகூர் அண்ணன் கேட்டதற்கு. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டிலும் பின்னால் இருக்கிற 40 ஒன்றுதான். 100 டிகிரி சூட்டில் இரண்டும் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஆயிலின் கெட்டியை அளக்கிற அலகு) இருக்க வேண்டும் என்பது, இந்த எண்களை வகுத்த எஸ்.ஏ.இ. அமைப்பின் கணக்கு. அதாவது மத்தியானம் சேற்றில் நிற்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டி. முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது. அதைச் சோதிப்பதே பூஜ்யத்துக்கும் 15, 20 டிகிரி கீழே. நம் ஊர் மார்கழிக்கு அது பெரிய விஷயமே இல்லை. எது ஒழுங்காகக் கிடைக்கிறதோ அதை ஊற்றுங்கள். அப்பா ஊற்றிய ஒற்றை எண் 40-உம் தப்பில்லை, காலையில் கிளப்பியதும் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

எழுத்து விஷயம்: ‘சி’ என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு, ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. சி.எஃப்-4 வந்தது 1990-ல், சி.எச்-4 1998-ல், சி.ஐ-4 2002-ல், சி.கே-4 2016-ல். சி.கே-4, புகைக்குழாயில் ஃபில்டர் வைத்த புது வண்டிகளை மனதில் வைத்துச் செய்தது. பழைய வண்டிக்கு ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் கூடுதல் காசுக்கு நமக்கு ஒன்றும் கிடைக்காது. என்னிடம் வருகிற மாஸி, ஃபோர்டு, எச்.எம்.டி. எல்லாவற்றுக்கும் சி.எச்-4 அல்லது சி.ஐ-4 தான் சொல்கிறேன்.

பழைய புத்தகத்தில் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்து டீசலில் கந்தகம் அதிகம், எரியும்போது அமிலமாகி ஆயிலைக் கெடுக்கும். 2010-ல் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), 2017-ல் 50, 2020 ஏப்ரலிலிருந்து 10 என்று குறைத்துவிட்டார்கள். அதற்காக வருஷக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். கரியும் புழுதியும் குறையவில்லையே. வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம்தான் ஓடுகிறது என்றாலும் ஒருதரம் மாற்றிவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று. வருஷக்கணக்கில் ஏதோ ஒரு லூஸ் ஆயிலில் ஓடிய எஞ்சினுக்குத் திடீரென்று நல்ல ஆயில் ஊற்றினால், அது உள்ளே படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பும். அது போய் சம்புக்குள் ஆயிலை வடிகட்டுகிற வலையை, ஸ்ட்ரெய்னரை, அடைக்கும். அதனால் முதலில் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். முடியாவிட்டால் முதல் ஆயிலை முப்பது, நாற்பது மணி நேரத்திலேயே வடித்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

மணி மீட்டர் ஓடாத வண்டிக்கு எப்படிக் கணக்கு வைப்பது அண்ணே? கரும்பு லோடுக்கு ஒரு நாள், உழவுக்கு ஒரு நாள் என்று போகிறது.

வில்லியனூர் மெக்கானிக்:

டீசல் கணக்கு வையுங்க தம்பி. உழவில் மணிக்கு நாலு லிட்டர் குடிக்கிற வண்டி என்றால் 400 லிட்டர் போனதும் நூறு மணி. பங்க் ரசீதை ஒரு கம்பியில் குத்தி வைத்தால் போதும்.

கடலூர், தென்பெண்ணைக் கரையிலிருந்து:

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் எங்கள் பக்கம் ஏறியது. கொட்டகையில் நின்ற டிராக்டருக்கு சீட் மட்டத்துக்குத் தண்ணீர், இரண்டு நாள். வடிந்ததும் பக்கத்துக் கொட்டகைக்காரர் அவசரப்பட்டு செல்ஃப் அடித்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் மெக்கானிக் வரும்வரை நான் சாவியைத் தொடவில்லை. ஆயில் வடிக்கிற ட்ரெய்ன் பிளக்கைத் தளர்த்தினால் முதலில் வெறும் தண்ணீர் வந்தது, அப்புறம் டீக்கடை டீ நிறத்தில் கெட்டியாக ஒரு கலவை. இஞ்செக்டரைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார். அப்புறம் இருப்பதிலேயே விலை குறைந்த 20டபிள்யூ-40 ஊற்றி, பாரம் ஏதும் இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டி, சூட்டோடு வடித்தோம். மறுபடி ஒருதரம் அதே மாதிரி. மூன்றாவதுதான் நல்ல ஆயில். கியர் பாக்ஸையும் அப்படியே செய்தோம். விலை உயர்ந்ததை முதலிலேயே ஊற்றியிருந்தால் அத்தனையும் வீணாகப் போயிருக்கும்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் விடாமல் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்தோம். மண்ணும் கிணறும் நம்முடையதுதானே.

பாகூரிலிருந்து:

வில்லியனூர் அண்ணன் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சம்பைக் கழற்றினேன். இத்தனை வருஷத்தில் யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை, போல்ட் நாலு இறுகிப் போயிருந்தது. அடியில் கறுப்பு மெழுகுபோலப் படிந்திருந்ததைக் கரண்டியால் வழித்தேன், ஒரு சொம்பு நிறைய வந்தது. ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் அடைப்பு. நடுவில் பழைய கார்க் பேக்கிங் துண்டு ஒன்று சப்பி ஒட்டிக்கிடந்தது. மத்தியானம் முள் படுத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

டீசலில் கழுவித் துடைத்து, புது பேக்கிங் வைத்து மாட்டியாயிற்று. சி.ஐ-4, 15டபிள்யூ-40 தான். டின்னைக் கவிழ்த்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பியைப் பார்த்துப் பார்த்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். இன்று காலையும் அதே இடத்தில்தான் நிற்கிறது, டீசல் வாடை இல்லை. நாளை நவரைக்கு முதல் உழவு.